இரட்டை மாடும் ஒரு பஸ்ஸும்



"பேட்டரியைப் பற்றிக் கட்டுரையா? யார் படிப்பார்கள்?" என்று நம் ஆசிரியரிடம் கேட்டேன். "வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் டெம்போவும் டாக்ஸியும் ஸ்கூல் பஸ்ஸும் ஓட்டுகிறார்கள். தெரிந்ததை எழுதுங்கள் அண்ணாச்சி" என்றார். முப்பத்திரண்டு வருடம் ஒரு பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஸ்பேனர் பிடித்த கை. பேனா பிடித்துப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது கற்றறிந்த பாடம் அல்ல. இரண்டு தப்புச் செய்து, பணம் இழந்து, ஒரு பெண்பிள்ளை முன்னால் தலைகுனிந்து நின்று கற்றுக்கொண்டது.

பஸ் வந்த கதை

2017-ல் நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு பழைய பஸ் வாங்கினோம். ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற வண்டி அது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு நீளமான மேஜை, பெஞ்சு, புத்தக அலமாரி, விளக்கு, மின்விசிறி எல்லாம் வைத்தோம். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அலைந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறு முதல் ஒன்பது வரை, அது ஓடும் படிப்பகம். தாராவி 90 அடி ரோடு பக்கம் மூன்று நாள், சீத்தா கேம்ப்பில் ஒரு நாள், செம்பூரில் ஒரு நாள்.

ஏன் பஸ் என்று இந்த ஊரில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். டி.வி. ஓடும், குக்கர் விசில் அடிக்கும், பாட்டி இருமுவாள். அந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து கணக்குப் போடும்?

இது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில், நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்தில், மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. நம் மும்பையிலேயே டோர் ஸ்டெப் ஸ்கூல் என்ற அமைப்பு பஸ்ஸுக்குள் வகுப்பு நடத்திக் காட்டியது. புனேயில் 2016 முதல் பழைய நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பெஸ்ட் நிறுவனத்தின் சிறிய பஸ்கள் ஆம்புலன்ஸ் ஆயின.

இப்படி வேலை மாறிய வண்டிகளுக்கெல்லாம் பொதுவாக வருகிற வியாதி ஒன்று உண்டு. அது பேட்டரியில்தான் ஆரம்பிக்கும்.

அந்த மார்ச் மாதம்

2019 மார்ச். எஸ்.எஸ்.சி. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை ஏழரை மணிக்கு விளக்குகள் மங்கின. மின்விசிறி களைத்துப்போய்ச் சுற்றியது. ஒன்பது மணிக்கு டிரைவர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவில் போனவர்களையும் சேர்த்துக்கொண்டு பதினான்கு பேர் தள்ளித்தான் பஸ்ஸைக் கிளப்பினோம்.

அடுத்த இரண்டு நாள் பஸ் போகவில்லை. மூன்றாம் நாள் நான் தாராவிக்கு நடந்து போனேன். எங்கள் பஸ்ஸில் படிக்கும் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். "தாத்தா, நேற்று கோயில் வாசல் லைட்டில் உட்கார்ந்து படித்தேன். நடை சாத்தினதும் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்காவது பஸ் வருமா?" என்று கேட்டாள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

அன்றிரவு கூட்டத்தில், "இது நமக்குச் சரிப்படாது, பஸ்ஸை விற்றுவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் உண்டு. கோளாறு எங்கே என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அதைச் செய்தவனே நான்தான்.

ஓடுகிற மாடு, உழுகிற மாடு

ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியை 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே என்பவர் செய்தார். மோட்டார் வண்டி வந்த பிறகும் நெடுநாள் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தார். அன்று முதல் அந்த வேலை பேட்டரியின் தலையில் விழுந்தது.

ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள் மெல்லிய பிளேட்டுகள் நிறைய இருக்கும். சில விநாடி பெரும் மின்சாரத்தைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது அதன் தொழில். பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்ற 400 ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு விநாடிக்கு ஆகும் செலவு அரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு. வண்டி ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பிவிடும். பேட்டரி எப்போதும் நிறைவயிறாகவே இருக்கும்.

எங்கள் பஸ் என்ன செய்தது? எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கு சிறிய மின்விசிறியும் எட்டு விளக்கும் போட்டோம். மொத்தம் 12 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரி 150 ஆம்பியர்-மணி. அதில் கால் பங்கு தினமும் காலி. பிறகு அரை மணி நேரம் வண்டி ஓடினால் அந்தக் குழி நிரம்புமா? நிரம்பாது. நிரம்பாமல் கிடக்கும் பேட்டரியின் பிளேட்டுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது.

பந்தயத்துக்கு ஓடுகிற மாட்டை நாள் முழுக்க உழவுக்குக் கட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. உழவுக்கு வேறு மாடு இருக்கிறது. அதுதான் நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரி. அதன் பிளேட்டுகள் தடிப்பானவை. நாள்தோறும் பாதி வரை இறங்கி ஏறினாலும் தாங்கும்.

முதல் தப்பு: ஒரு மாட்டை மட்டும் வேலை வாங்கியது

பஸ் 24 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். எங்கள் மின்விசிறியும் விளக்கும் லாமிங்டன் ரோட்டில் மலிவாகக் கிடைத்த 12 வோல்ட் சாமான்கள். 24-ஐ 12 ஆக்க ஒரு கன்வெர்ட்டர் வாங்கியிருக்க வேண்டும். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று, பாடியில் எர்த் கொடுத்திருந்த பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருட அனுபவஸ்தன் செய்த காரியம் இது. அந்த "இப்போதைக்கு" இரண்டு வருடம் நீண்டது.

இதில் உள்ள கேட்டைக் கணக்காகவே சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துச் சுமார் 28 வோல்ட் கொடுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் ஆளுக்கு 14. ஒன்று நிரம்பியும் ஒன்று காலியாகவும் இருந்தால், நிரம்பியது 15 வோல்ட் வரை ஏறிக் கொதிக்கும்; காலியானதுக்கு 13 தான் மிஞ்சும். 15-ம் 13-ம் சேர்ந்தால் 28. ஆல்டர்னேட்டர் கணக்குச் சரி என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று தண்ணீர் வற்றிச் சாகிறது, மற்றது பட்டினியில் சாகிறது.

ஆகவே 24 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ரேடியோவோ, ஆம்ப்ளிஃபயரோ, சாமி படத்துக்குச் சின்ன விளக்கோ எதற்காகவும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுக்காதீர்கள்.

இரண்டாவது தப்பு: ஒன்றை மட்டும் மாற்றியது

அந்த இரண்டு வாரத்தில் லைனைப் பிரித்தேன். படிப்பக விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாக டியூபுலர் பேட்டரி ஒன்று வைத்தோம். இரவில் வண்டி நிற்குமிடத்தில் கரண்ட்டில் சார்ஜ் ஏறும். அதுவரை சரி. அதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. "செத்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்றுவோம்" என்றார் பொருளாளர். நானும் தலையாட்டினேன்.

ஒரே நுகத்தடியில் கிழட்டு மாட்டையும் காளையையும் பூட்டினோம். பழையது கொள்ளளவு குறைந்தது. சீக்கிரம் நிரம்பிக் கொதித்தது. புதியது என்றும் அரைவயிறு. அக்டோபரில் பழையது போயிற்று. ஏழே மாதமான புதியதும் பாதி உயிராகக் கிடந்தது. மிச்சம் பிடிக்கப் பார்த்ததில் ஒரு பேட்டரியின் விலை வீண். கடைசியில் இரண்டையும் சேர்த்தே வாங்கினோம். இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே மாதத்துச் சரக்கு.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்று முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பேட்டரிக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். அரை மணி நேர வேலைதான்.

முதலில் கண்ணாடி அணியுங்கள். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றுங்கள். பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். ஒரு பொறி போதும், வெடிக்கும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பிறகு டெர்மினல்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். "பேட்டரி போச்சு" என்று என்னிடம் வந்த வண்டிகளில் பலவற்றில் டெர்மினலும் எர்த் வயரும்தான் போயிருந்தன.

அடுத்தது தண்ணீர். பிளேட்டுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். அமிலம் ஒருபோதும் ஊற்றாதீர்கள். குறைவது தண்ணீர்தான்.

கடைசியாக அளவு. இரவு முழுக்க ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் அன்றே சார்ஜ் போடுங்கள். இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும்; சேர்த்து அளந்தால் நான் சொன்ன 15-ம் 13-ம் தெரியாது. மூடியைத் திறக்கக்கூடிய பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.280 வரை, தயாரிப்புக்கு ஏற்றபடி காட்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.190 காட்டினால், முழுச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே கதி என்றால் அந்த பேட்டரியின் நாள் எண்ணப்படுகிறது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை நாம் மறக்க மாட்டோம். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தண்ணீர் தேங்காத மழைக்காலம் எனக்கு நினைவில்லை. பஸ்ஸின் பேட்டரிப் பெட்டி தாழ்வாக இருக்கும். தண்ணீர் அங்கே ஏறுகிறது என்றால் எர்த்தைக் கழற்றிவிடுங்கள். வெள்ளம் மூடி வழியாக உள்ளே போயிருந்தால் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம்.

சும்மா நிற்கும் வண்டிக்கும் பசிக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் செய்த முதல் வேலை, எர்த்தைக் கழற்றியது. பஸ் நிற்கும் இடத்து வாட்ச்மேன் நல்ல மனிதர். மாதம் ஒரு முறை நான் போனில் சொல்லச் சொல்லச் சார்ஜர் மாட்டினார். மீண்டும் கிளப்பியபோது முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. பக்கத்தில் நின்ற மூன்று வண்டிகளைத் தள்ளினார்கள்.

மாற்றும் நாள்

பேட்டரிக்கு ஆயுள் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு வருடம் வந்தால் நல்லபடியாக வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. முழுச் சார்ஜ் ஏற்றி, ஓய்வு கொடுத்து, ஸ்டார்ட் செய்யும்போது அளவு பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழே விழுந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் ஆல்டர்னேட்டர் பெல்ட், சார்ஜ் வோல்ட், எர்த் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அங்கே கோளாறு இருந்தால் புது பேட்டரியும் அதே வழியில் போகும்.

கடையில் பேட்டரி மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பல மாதம் கடையில் தூங்கியது வேண்டாம். வாரண்டி அட்டையில் அன்றைய தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

கழற்றும்போது எர்த், அதாவது மைனஸ், முதலில். மாட்டும்போது எர்த் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பொறி பறக்கும். ஒரு பேட்டரியின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு இணைத்தால் மிஞ்சும் இரண்டு முனைகளும் வண்டிக்கு. மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் உடனே போய்விடும். பழைய இணைப்பைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ இருக்கும். இரண்டு பேராகத் தூக்குங்கள். அமர்த்தியதும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நம் ரோட்டுக் குழிகளில் ஆடுகிற பேட்டரி சீக்கிரம் பிளேட் உதிர்க்கும்.

பழையதை எங்கே கொடுப்பது

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2019 மார்ச்சில் செத்த பேட்டரியை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் விற்றேன். கடைக்காரர் கழிப்பதாகச் சொன்னதைவிட முந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்தார். அக்டோபரில் அடுத்தது போனதும், இன்னும் கூடக் கிடைக்குமென்று நானே டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு கிடங்குக்குப் போனேன். அங்கே பேட்டரிகளைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார்கள். அமிலம் சாக்கடையில் ஓடியது. மூலையில் அடுப்பு மூட்டி ஈயம் உருக்கினார்கள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் வெறுங்கையால் பிளேட்டுகளைப் பிரித்து அடுக்கினான். பிறகு அதே கையால் பொட்டலத்திலிருந்து வடாபாவ் எடுத்துத் தின்றான்.

நான் விற்ற முதல் பேட்டரியும் இப்படி ஓர் இடத்துக்குத்தான் வந்திருக்கும். பிள்ளைகள் படிப்பதற்காக வாங்கிய பேட்டரி அது.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். அது மூளையைத்தான் முதலில் பிடிக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் அருகே தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் இப்படிப் பேட்டரி உடைத்த இடத்தைச் சுற்றி 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈய விஷம் என்று பிறகுதான் தெரிந்தது.

நம் தாராவி கழிவைக் காசாக்கும் ஊர். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பிளாஸ்டிக்கும் அட்டைப்பெட்டியும் வேறு, ஈயம் வேறு. பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இப்போது 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். ரசீதில் அதை எழுதி வாங்குங்கள்.

அன்று நான் அந்த பேட்டரியை அங்கே இறக்கவில்லை. டெம்போவைத் திருப்பச் சொன்னேன். கடைக்காரர் கொடுத்தது முந்நூறு ரூபாய் குறைவு. போகவர டெம்போ வாடகை வேறு. பொருளாளர் கணக்கில் அதை "நஷ்டம்" என்று எழுதினார். அடித்துவிட்டு "படிப்புச் செலவு" என்று எழுதச் சொன்னேன்.

கோயில் வாசலில் உட்கார்ந்து படித்த அந்தப் பெண் கணக்கில் தேறிவிட்டாள். அவள் தம்பி இந்த வருடம் பத்தாம் வகுப்பு. எங்கள் பஸ்ஸில்தான் படிக்கிறான். 2023-ல் பேட்டரிகளை ஜோடியாகவே மாற்றினோம், ஜோடியாகவே திருப்பிக் கொடுத்தோம். அதன் பிறகு இதுவரை எங்கள் பஸ்ஸை யாரும் தள்ளியதில்லை.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை திறந்து பாருங்கள். தண்ணீர் குறைந்திருக்கும்.